கதிரை தூக்கி வந்த மனிதர்

மனைவியை மெல்ல மெல்லத் தன் கைக்குள் அடக்கிவிடும் ஆண்களை எப்படி அடையாளம் காண்பது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவள் நான். அப்படி ஒருவரிடம் இரண்டு வடைக்கும் கொஞ்சம் புகழ்ச்சிக்கும் நானே விழுந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

லிட்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் என் கவுன்சலிங் அறை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் பல்வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

"அவர் அடிக்கிறதில்லை அக்கா. கத்துறதும் இல்லை. கதைக்கிறதை நிப்பாட்டிப்போடுவார். என்ன பிழை விட்டனான் எண்டு நானே யோசிச்சுக் கண்டுபிடிக்கவேணும்."

ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கும்போதும் வீடியோ கால் போட்டு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று காட்ட வேண்டும். சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். மெல்பர்னில், ரோவிலில் இருக்கும் தமக்கையிடம் போய்விடலாம். ஆனால் அதற்கு முதலில் தன் கண்ணைத் தானே நம்ப வேண்டுமே. "எல்லாருக்கும் அவர் நல்லவர். எனக்கு மட்டும் பிழையாத் தெரியுது எண்டால், நான்தானே மொக்கு?"

நீங்கள் முட்டாள் இல்லை, வெளியில் நல்லவராக இருப்பதுதான் இவர்களுடைய வழி என்று போர்டில் படம் போட்டு விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன்.

பிறகு பொங்கல் விழா வந்தது. வெளியில் சந்தித்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்பது என் அறையின் விதி. மண்டபத்தில் அந்தப் பெண் தன் கணவரோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடினேன்.

"என்னக்கா நிக்கிறீங்கள்?" என்று கணவர் எழுந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மனைவி எழுந்துகொண்டார். அந்த நாற்காலியை, அவர்கள் பேச்சில் கதிரையை, கணவர் தூக்கி வந்து என் பக்கம் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

வடை வந்தது. என் ஜோக்குகளுக்குக் கணவர் சரியான இடத்தில் சிரித்தார். என் வீட்டில் அப்படி யாரும் சிரித்துப் பல காலமாகிறது. "உங்கட தமிழைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் அக்கா" என்றார். கார் வரைக்கும் என் கால் தரையில் படவில்லை. மனிதரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா என்றெல்லாம் எனக்குள் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அவ்வளவு நேரமும் அவர் மனைவி கணவருடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் என்பது அந்தப் பஞ்சாயத்தில் சாட்சிக்கே வரவில்லை.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது கேட்டேவிட்டேன்: "அன்னைக்குப் பார்த்தேன். நல்லாத்தான் பழகுறார். கொஞ்சம் மாறியிருக்காரோ?"

"ஓம்" என்று ஆமோதித்தார். கணவருக்குச் சொல்லும் 'ஓம்' இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, நேரம் முடியும் முன்பே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வரவில்லை. போன் கணவர் கையில் இருக்கும், கூப்பிட முடியாது. தன் கண்ணை நம்பப் பழகிக்கொண்டிருந்தவரிடம், அது பொய் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். போர்டில் போட்டிருந்த படத்தைத் துடைத்தேன். பார்க்கவே கூசியது.

ஒரு நாள் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார், ஒரு பக்கக் கன்னம் வீங்கி. பல்வலிப் பொய் நிலைக்கவேண்டுமென்று கீழே டாக்டரிடம் உண்மையாகவே ஒரு பல்லை அடைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் உட்காருவதற்குள் பேசிவிட்டேன்.

"நான் ஏமாந்துட்டேங்க. உங்க நாற்காலின்னு தெரிஞ்சேதான் உட்கார்ந்தேன். என்னை நல்லாப் புகழ்ந்தார், மயங்கிட்டேன். நீங்க பார்த்ததுதான் சரி."

கைப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களையுமோ? இவ்வளவு படிச்ச உங்களையுமோ?"

"ஆமா."

"அப்ப நான் மொக்கு இல்லை." மரத்துப்போன வாயால் பாதிச் சிரிப்புச் சிரித்தார். சனிக்கிழமை காரோடு வந்து கூட்டிப்போகட்டுமா என்று தமக்கை கேட்டிருப்பதாகவும், இப்போது கீழே இறங்கிப் போய்ப் பல் டாக்டரின் போனில் ஓம் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

நான் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்கோ அக்கா. அவரிட்ட மயங்க எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. நீங்கள் அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டீங்கள். படிச்ச ஆக்கள் எண்டால் எல்லாத்திலயும் வேகம்தான்."