பதினாறு இன்ச் சக்கரம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல. பத்தாவது வரை படித்தேன். அதன் பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலைத் தரம் பிரிக்கிற மேசையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். ஒரு நாளில் நான் எழுதுவதெல்லாம் தோலின் பின்பக்கம் சாக்பீஸால் போடும் ஒன்று, இரண்டு, மூன்றுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கார் வாங்கியதையெல்லாம் ஒருவன் எழுதிக்கொண்டிருப்பானா என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் அந்தச் சில வாரங்களில் நான் பட்டதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வராததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியும் ஷூ கம்பெனியில்தான் இருந்தாள், தையல் மிஷினில். போன வருடம் அவளுக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தி, வேலூரில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் இடது பாதம் மேலே எழும்பவில்லை. காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தாள். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவளுக்குத் தெரியாது, நாலு அடி போய்விடுவாள். நான் எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிடுவேன்.

பிசியோதெரபி செய்கிற அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மூணு நாலு மாசம்தாங்க முக்கியம். வாரத்துல மூணு நாள் கண்டிப்பா கூட்டிட்டு வந்துடுங்க. நடுவுல விட்டுட்டீங்கன்னா பாதம் இப்படியே நின்னுடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கூட்டிக்கொண்டு போவதுதான் முடியாத காரியமாக இருந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். பஸ்ஸில் அவளால் ஏற முடியாது. வாடகை ஆட்டோவில் போனோம். ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அவள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்வாள். பின் சக்கரமும் தாண்டிய பிறகுதான் விடுவாள். எங்கள் தெருவிலிருந்து ஹைவே ஏறுவதற்குள் ஒன்பது ஸ்பீடு பிரேக்கர் இருப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. எழுந்து உட்காரும்போது அடுத்த முறை போகிற நாள் வந்துவிடும்.

அதனால்தான் கார். இருந்த சேமிப்பை எடுத்து, மிச்சத்துக்கு லோன் போட்டு, ஒரு சின்ன கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். கம்பெனி வேனை அவசரத்துக்கு ஓட்டி எனக்குப் பழக்கம் உண்டு, லைசென்ஸும் இருந்தது.

ஷோரூம் வேலூரில். என்னோடு வந்தது என் மச்சான், மனைவியின் தம்பி. வாணியம்பாடியில் தோல் கெமிக்கல் விற்கிற கடையில் சேல்ஸ்மேன். வாய் உள்ளவன். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்று அழைத்துப் போனேன். மனைவி வரவில்லை. வேண்டாத ஒரு பயணம் எதற்கு என்று நானே வேண்டாமென்றேன்.

ஷோரூம் பெண் ஒரு அட்டையை விரித்தாள். ஒரே வண்டி, மூன்று மாடல்.

"பேஸ்ல பதினாலு இன்ச் ஸ்டீல் வீல் சார். மிட்ல பதினஞ்சு, அதுவும் ஸ்டீல்தான், மேல வீல் கப் வரும். டாப்ல பதினாறு இன்ச் அலாய். லுக்கே வேற சார்."

மச்சான் டாப் மாடல் பக்கத்திலேயே நின்றுகொண்டான். குனிந்து சக்கரத்தைத் தடவினான்.

"மாமா, லைஃப்ல ஒரு தபா வாங்குறோம். இன்னாத்துக்கு இரும்பு வீலு? அதென்ன மாட்டு வண்டியா?"

ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுத்தார்கள். அது நடு மாடல். கிரீன் சர்க்கிள் ரவுண்டானா வரை போய்த் திரும்பினேன். மேடு பள்ளத்தில் மெத்தென்று போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் இதில் உட்கார்ந்து வருவாள் என்று நினைத்து.

இறங்கியதும் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மேசையில் தோல் வந்தால் முதலில் கட்டைவிரலால்தான் பார்ப்போம். அமுக்கினால் எவ்வளவு உள்ளே போகிறது, விட்டால் எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்று பார்த்து நம்பர் போடுவோம். அதே பழக்கத்தில் நடு மாடல் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். துணி சீட், பஞ்சு கொஞ்சம் கம்மி. பிறகு டாப் மாடல் சீட்டை அமுக்கினேன். தோல் என்று சொல்லி ரெக்சின் போட்டிருந்தார்கள், அது முதல் தொடுதலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே நல்ல கனமான பஞ்சு. விரல் முழுசாக உள்ளே போய் நிதானமாக மேலே வந்தது. நடு மாடலே இவ்வளவு மெத்தென்று போனால், இது இன்னும் மெத்தென்று போகும் என்று மனதுக்குள் நம்பர் போட்டுவிட்டேன்.

உட்காருகிற இடத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் நின்றது. "டாப் மாடலை ஒருமுறை வீட்டுக்கு எடுத்து வந்து என் மனைவியை உட்கார வைத்துப் பார்க்கலாமா?" இவ்வளவுதான் கேட்க வேண்டியது. அந்தப் பெண் இரண்டு முறை, "வேற எதாச்சும் கேக்கணுமா சார்?" என்றாள். நான் இரண்டு முறையும் இல்லை என்று தலையாட்டினேன். டாப் மாடல் ரெடியாக இருக்கிறது, மற்றது வர ஒன்றரை மாதம் ஆகும் என்றாள். ஒன்றரை மாதம் எங்களிடம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வண்டி வந்த மூன்றாம் நாள் முதல் பயணம். தெருமுனை ஸ்பீடு பிரேக்கரிலேயே தெரிந்துவிட்டது. தட் என்று ஒரு அடி, நேராக இடுப்பில். ரோட்டில் கிடக்கிற சின்னக் கல் கூட சீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ஏசி நல்லா இருக்கு."

அப்போதாவது ஷோரூமுக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எங்கள் மேசையில் ஒரு தோலுக்கு நம்பர் போட்டுவிட்டால் மாற்றுவது அவமானம். மாற்றினால், இவன் கை போய்விட்டது என்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, புது ஷூ முதலில் கடிக்கத்தான் செய்யும், போட்டுப் போட்டுத்தான் இளகும். காரும் அப்படித்தான் என்று நான் உண்மையாகவே நம்பினேன். யோசித்துப் பாருங்கள், நாற்பதைத் தாண்டிய ஆள், இரும்பு இளகும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன்.

இளகவில்லை. சீட்டில் தலையணை போட்டேன். அதன் மேல் ஸ்பாஞ்ச் ஷீட் வெட்டிப் போட்டேன். இருபதில் ஓட்டினேன், பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். ஒருநாள் அவள் இறங்கும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்ததில் விரல் அடியெல்லாம் சிவந்து கோடு கோடாக இருந்தது. நான் பார்த்ததும் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

பிறகு டயரில் காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும் என்று எனக்கே தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. நாலு சக்கரத்திலும் இஷ்டத்துக்கு இறக்கினேன். இரண்டு முறை போய் வந்தோம். கொஞ்சம் தேவலை போல இருந்தது. மூன்றாம் முறை, மாதனூர் அருகே சர்வீஸ் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அடியில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. முன் இடது சக்கரம் உள்ளே விழுந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

அவள் கத்தவில்லை. மூச்சை இழுத்தாள், அதை விடவே இல்லை. நான் வண்டியை ஓரம் கட்டி, "விடும்மா, மூச்சை விடு, விடு" என்று கெஞ்சினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டாள். விட்டதும் அழ ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குக் கூட அழாதவள்.

"வூட்டுக்குத் திருப்புங்க."

திருப்பினேன். வீட்டில் படுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே நான் வர்ல. கால் இப்படியே இருந்துட்டுப் போவுது. இழுத்துக்கினே ஆக்கிப் போடுறேன், உங்களுக்கு இன்னா கொறச்சல்?"

இரண்டு முறை போகவில்லை. பிசியோ அம்மா போன் செய்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேசையில் தோலை அமுக்கும்போதெல்லாம் என் கையை நானே வெறுத்தேன். அவள் வாழ்நாள் முழுக்கக் காலை இழுத்து நடப்பாள், அதை நான் ஒவ்வொரு நாளும் பார்ப்பேன், அந்த வண்டி வாசலில் பளபளவென்று நிற்கும். இதுதான் கண் முன்னால் இருந்தது.

பள்ளத்தில் விழுந்த சக்கரத்தின் விளிம்பு நெளிந்து, டயர் பக்கவாட்டில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு புடைத்திருந்தது. அதை மாற்றியாக வேண்டும். பைபாஸ் ஓரத்தில் ஒரு பாய் டயர் கடை வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கடை முன்னால் வண்டியை நிறுத்த வெட்கப்பட்டு இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவரே ரோட்டுக்கு வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா அண்ணே, மூணு தபா ரவுண்டு அடிச்சுட்ட. கடைய வாங்கிக்கப் போறியா?"

சக்கரத்தைக் காட்டினேன். அவர் காற்று பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் அண்ணே இவ்ளோ காத்து எறக்குனது? எதிரியா?"

"நான்தான்."

"ஏன்?"

ஏன் என்று யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. நான் சொன்னேன். ஆபரேஷன், பாதம், மூன்று நாலு மாதம், மாதனூர் பள்ளம், இனிமேல் வரமாட்டேன் என்று அவள் சொன்னது, எல்லாம். முன்பின் தெரியாத ஆளிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பாய் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். கிண்டல் நின்றுவிட்டது.

டயர் ஓரத்தில் இருந்த எழுத்தைக் காட்டினார். 195/55 R16.

"இந்த அம்பத்தஞ்சு தெரியுதா? ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரப்பர் எவ்ளோ உயரம்னு சொல்ற கணக்கு. ரிம்மு பெருசானா ரப்பர் கம்மியாயிடும். ரப்பர்தான் அண்ணே அடிய வாங்குது, சீட்டு இல்ல. பதினஞ்சு இன்ச்ல அறுபத்தஞ்சு போட்டா வெளி உயரம் அதேதான், உள்ள ரப்பர் ஜாஸ்தி."

நான் ஓட்டிப் பார்த்த நடு மாடலில் இருந்தது அந்தப் பதினைந்து இன்ச்.

"அப்ப பதினாலு போட்டா இன்னும் நல்லதுங்களா?"

"உன் மாடல்ல பிரேக்கு பெருசு, இடிக்கும். பேராசைப்படாத."

ஷெட்டுக்குள் போய் நாலு கறுப்பு இரும்புச் சக்கரத்தை உருட்டி வந்தார். டயரோடு, அதிகம் ஓடாதவை. நடு மாடல் வாங்குகிறவர்கள் வந்த வாரமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அலாய் மாட்டிக்கொண்டு போவார்களாம்.

"இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். எல்லாரும் இரும்பக் குடுத்துட்டு அலாய் கேப்பான். அலாயக் குடுத்துட்டு இரும்பு கேக்குற ஆளு நீ ஒருத்தன்தான்."

மாட்டும்போது மச்சான் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"டாப் மாடலுக்கு இரும்பு வீலா? மாமா, உனக்கு இன்னா ஆச்சு? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

பாய் கதவோரத்து ஸ்டிக்கரைப் படித்து, அதில் பதினைந்து இன்ச்சுக்குப் போட்டிருந்த அளவுக்கு நாலிலும் காற்று வைத்தார். "இனிமே நீ இதுல கை வெச்சேன்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்" என்றார்.

சாயங்காலம் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, வண்டி மூஞ்சியே செத்துப் போச்சு?"

ரப்பர், உயரம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன தபாவும் சீட்டத் தொட்டுப் பாத்துட்டு நல்லா இருக்கும்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"இது நல்லா இருக்குமா?"

நல்லா இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "தெரியலம்மா" என்றேன். "ஒரே ஒரு தடவை வந்து பாரு. வலிச்சா சொல்லு. ஏசி நல்லா இருக்குன்னு சொல்லாத. வலிக்குதுன்னு சொல்லு. எனக்கு வேற வழி தெரியல."

அவள் உள்ளே போனாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "காலைல எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரே ஒரு முறை, பள்ளிகொண்டா தாண்டி, வலிக்கிறது என்றாள். நிறுத்தினேன், ஐந்து நிமிடம் இறங்கி நின்று மறுபடி ஏறிக்கொண்டாள். ஏன் இரண்டு முறை வரவில்லை என்று பிசியோ அம்மா திட்டினார். அன்றைக்குப் பாதம் எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.