ஆமென் வரை போகாத ஜெபம்

எங்கள் சபையில் யாராவது படுத்துவிட்டால், வீட்டுக்கே போய்ச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். பக்கவாதம் வந்த பெரியவரைப் பார்க்கச் சிங்காநல்லூருக்கு அன்று நான் தனியாகப் போகும்படி ஆயிற்று. பஸ்ஸில் மனப்பாடம் செய்த ஜெபம், வாசலில் செருப்பைக் கழற்றியபோதே மறந்துவிட்டது.

"கஞ்சி ஊட்டத்தானுங்க வந்தேன். மொதல்ல நீங்க ஜெபம் பண்ணிருங்க தம்பி," என்றார் அவர் மனைவி. "ரெண்டு நாளா நாலு வாய்க்கு மேல எறங்கலீங்க."

"ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த அம்மா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி நானே ஊட்ட ஆரம்பித்தேன். கிண்ணம் காலியாகிவிட்டது.

வாயைத் துடைத்துவிட்டபோது பெரியவர் குழறலாகச் சொன்னார்: "நாளைக்கும் நீயே வா கண்ணு. மத்தவங்க ஆமென் சொல்றதுக்குள்ள கஞ்சி சில்லுனு ஆயிருது."