கொம்பைல் முடியும்வரை ஒரு நடை

என் கணவருக்குக் கட்டாரில் வேலை. வருடத்தில் ஒருமுறை விடுமுறையில் வந்தால், பெட்டியைத் திறக்கமுன் லப்டொப்பைத் திறந்துவிடுவார். அதிலிருக்கும் இயங்குதளம் எந்த மென்பொருளையும் ஆயத்தமாகத் தராது. மூல நிரலை இறக்கி, நம் கணினியிலேயே கொம்பைல் பண்ணி, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித்தான் நிறுவவேண்டும். ஒரு பிரவுசருக்கு முழுப் பகலும் போகும். எதையாவது கொஞ்சம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு அதில் அப்படியொரு குஷி, எனக்கு எரிச்சல்.

ஆனால் கொம்பைல் ஓடத் தொடங்கியதும் அவருக்குச் செய்ய எதுவும் இராது. "வாகா, அது ஓடட்டும்" என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். வவுணதீவில் எங்கள் வீட்டிலிருந்து வாவிக்கரை கிட்டத்தான். தோணி வந்தால் இறால் வாங்குவோம், வராவிட்டால் சும்மா நடப்போம். கட்டாரில் அறையில் கூட இருப்பவர்களின் குறட்டை, தனியே சாப்பிடும் சலிப்பு எல்லாம் அவர் சொன்னது அந்த நடைகளில்தான். வீட்டுக்குள் அவர் அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை.

இந்த முறை விடுமுறை குறுகியது. கணினி தின்கிற நேரத்தை மிச்சம் பிடித்தால் மனுசன் எனக்கு முழுதாகக் கிடைப்பார் என்று நினைத்தேன். நானும் மென்பொருள் வேலை செய்பவள்தானே. ஒருமுறை கொம்பைல் ஆனதைச் சேமித்து வைத்து, அதே கோப்பு மறுபடி வந்தால் எடுத்து நீட்டுகிற கேஷ் ஒன்று உண்டு. அவருடைய இயங்குதளத்தில் அதை நிறுவுவதற்கான குறிப்புகள் அடங்கிய பொதி இல்லை. மூல நிரலை எங்கே எடுப்பது, எப்படிக் கட்டுவது, எங்கே நிறுவுவது என்று நானே ஒரு பொதி எழுதினேன். நிறுவியும் கேஷ் வெறுமையாகவே கிடந்தது. கொம்பைலர் அதைச் சட்டை பண்ணாமல் நேரே போய்க்கொண்டிருந்தது. கொம்பைலரைக் கூப்பிட்டால் முதலில் கேஷ் வரும்படி, அதே பெயரில் அதை முன்னால் நிறுத்திய பிறகுதான் நிரம்பத் தொடங்கியது. அடுத்த முறை, ஒரு பகல் வேலை தேநீர் ஆறமுன் முடிந்தது. அவர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்.

என் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டது அப்போது விளங்கவில்லை. ஒன்று முடிய அடுத்தது, அது முடிய இன்னொன்று. காத்திருக்கத் தேவை இல்லை, அதனால் அவர் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. இறால் வாங்க நான் தனியாகப் போனேன். "வாங்க" என்று கூப்பிட எனக்கு ரோஷம். அந்த ரோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

புறப்படும் நாள் மத்தியானம், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து கேஷை முழுதாக அழித்தேன். கொம்பைல் பழையபடி இழுத்தால் எழும்பி வருவார்தானே. அவர் வந்து கடைசியாக ஒன்றை ஓடவிட்டார். இழுத்தது. ஆனால் அவர் எழும்பவில்லை. எங்கே பிழை என்று வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேஷ் வெறுமையாக் கிடக்கு. நீயா அழிச்ச?"

"ஓம்."

"ஏன்கா?"

"கொம்பைல் ஓடினாத்தானே நீங்க என்னோட நடக்க வருவீங்க."

அவர் லப்டொப்பை மூடினார்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பன்தானே," என்றார்.

நான் செருப்பைப் போட்டேன். விமான நிலையத்துக்குப் போகிற வாகனம் வெளியில் வந்து ஹோர்ன் அடித்தது. வாசல் படலை வரைக்கும் சேர்ந்து நடந்தோம்.