ஆனைக்கிட்ட, ரெண்டு மணிக்கு

"எம்மா, கேட்டுக்கோ. தொலைஞ்சா இந்தக் கரும்புச்சாறு வண்டிக்கிட்ட வந்து நிக்கணும். நான் இங்கனதான் நிப்பேன்."

புனேயின் தாபோடி காய்கறிச் சந்தையில் தொலைந்து போக முடியாது. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கொத்தமல்லி விற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு இருபத்தாறு வயது, கையில் போன், போனில் அவர் நம்பர். இருந்தாலும் அருணாச்சலம் அங்கிள் விடமாட்டார். "வண்டி நகந்துட்டா என்ன பண்றது அங்கிள்?" என்று சீண்டினேன். உண்மையாகவே யோசித்தார். "அது சரி. சக்கரம் இருக்குல்லா. அப்ப அந்த பேங்க் போர்டுக்குக் கீழ" என்று மாற்றிக்கொண்டு, குடையை விரித்து அங்கே போய் நின்றார். நான் வெங்காயம் வாங்கித் திரும்பும்வரை அசையவில்லை.

கறுப்புக் குடை. மழை, வெயில், பனி எல்லாவற்றுக்கும் அதே குடை. அதை அவர் நேராகப் பிடித்து நான் பார்த்ததில்லை. இடப்பக்கமாகச் சரித்துப் பிடிப்பார். வலது தோள் வெயிலில் காயும், இடப்பக்கம் யாருமில்லாத இடத்துக்கு நல்ல நிழல் விழும். "குடை உங்களுக்கா, பக்கத்துல போற காத்துக்கா?" என்று கேட்டேன். "பழக்கம்மா" என்றார்.

அவர் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது மாடி வாடகை. திருநெல்வேலியிலிருந்து வந்து ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் புனேயில் இருந்தும் 'சொல்லுதேன்' இன்னும் 'சொல்றேன்' ஆகவில்லை. இந்தியில் பேசினாலும் அது தாமிரபரணியில் குளித்துவிட்டுத்தான் வரும். "பையா, ஏக் மினிட், இங்கன ஆவ்" என்று ஆட்டோவைக் கூப்பிடுவார். ஆட்டோவும் வரும்.

இவ்வளவு நல்ல குரல் கீழ் மாடியில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுத் தேஜஸ்வினிக்கு அவரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. செத்தோம் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. இருமலை விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரே விஷயத்தில். அந்தக் காலத்தில் தொழிற்சாலைத் தமிழ்க் குடும்பங்களை வருடா வருடம் மும்பைக்கு அப்பால், படகில் ஏறிப் போக வேண்டிய ராட்டினப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். நெட் கிடையாது, போன் கிடையாது. பேப்பரில் ஒரு விளம்பரம் வரும், சிரிக்கிற குழந்தை, வளைந்த தண்டவாளம், தெளிவில்லாத ஒரு முகவரி. அவ்வளவுதான் தகவல். எஸ்.டி.டி. பூத்தில் நின்று கூப்பிட்டால் பூங்காவின் போன் எப்போதும் எங்கேஜ்டு. "அவனும் நம்மள மாதிரி யாருக்கோ போட்டுக்கிட்டே இருப்பான் போல" என்பார். யாரோ ஒருவரின் மச்சினன் போய் வந்திருப்பான். அவனைத் தேடிப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து விசாரிக்க வேண்டும். அவனோ ராட்டினத்தைப் பற்றிச் சொல்வானே தவிர கக்கூஸ் எங்கே என்று சொல்ல மாட்டான்.

அதனால் போகிற ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு இவரே தனியாகக் கிளம்பிவிடுவார். ரயில், பஸ், படகு. அதற்கு ராணுவக்காரர்களிடம் கற்றுக்கொண்ட பெயர் 'ரெக்கி'. நிழல் எங்கே, தண்ணி எங்கே, வெளிச் சாப்பாட்டை விடுகிறானா, கேட்டில் பையைத் திறந்து பார்க்கிறவன் எப்படிப்பட்டவன் என்று எல்லாவற்றையும் பார்த்து வருவார். அவன் துண்டை உதறிப் பார்க்கிற ஆள் இல்லை என்று தெரிந்தால், அடுத்த வாரம் துண்டுச் சுருளுக்குள் புளிச்சோறு போகும். பஸ்ஸில் இடம் ஒதுக்குவதும் அவர்தான். மலைப்பாதை வளைவில் வாந்தி எடுக்கிறவர்கள் முன்வரிசை, எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் அவர்களுக்குப் பின்வரிசை. "சத்தியம் பண்ணுதவன்தான் முதல்ல எடுப்பான், கேட்டியா."

ஆனால் ரெக்கியின் முக்கிய வேலை, கூடுகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது. போன் இல்லாத காலம். தொலைந்தால் எங்கே வருவது? அதற்கு அவரிடம் சட்டம் உண்டு. தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நகரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பெயரைத் தமிழ்ப் பிள்ளை அழுதுகொண்டே இந்தியில் சொல்ல வேண்டும்.

"அங்கன ஒட்டகச்சிவிங்கி இருந்துச்சு. நல்ல ஒசரம். வேண்டாம்னுட்டேன். பிள்ளை அழுகையில அதுக்கு இந்தியில என்னன்னு சொல்லும்? எனக்கே தெரியாது. பக்கத்துல சிமிண்டு ஆனை. ஹாத்தி! அது வந்துரும்லா வாயில?"

வந்தது. மகன் முரளிக்கு அப்போது ஐந்து வயது. கூட்டத்தில் கை நழுவிவிட்டது. ஒரு வாட்ச்மேனின் விரலைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, "ஹாத்தி, ஹாத்தி" என்று அலறியபடியே ஆனைக்கு வந்து சேர்ந்தான். குடையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது அழுகை, வாட்ச்மேனின் மராட்டி, ஒழுகும் மூக்கு எல்லாவற்றையும் செய்து காட்டுவார். எனக்கே போட்டி.

தொலைகிறவர்களுக்காக ஒருவர் நிற்க வேண்டுமே. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர்தான் நின்றார். அத்தனை வருடத்தில் ஒரு ராட்டினத்திலும் ஏறியதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் தினமும் ஏறி இறங்குகிறவர் என்றுதான் நினைப்பீர்கள்.

"மேல போறப்ப ஒண்ணுந் தெரியாதுங்க. கீழ எறங்குது பாருங்க, வவுத்துக்குள்ள நண்டு ஓடுறாப்பல இருக்குதுங்க!"

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கோயமுத்தூர்க்காரி. இது என் ஊர்ப் பேச்சு, என் சித்திகள் இழுக்கிற அதே இழுப்பு. திருநெல்வேலிக்காரர் வாயில் இது எப்படி வந்தது?

அங்கிளின் மனைவி சந்திரிகா ஆன்ட்டி பொள்ளாச்சிப் பக்கம். அவர் எல்லாவற்றிலும் ஏறுவாராம். ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கியதும் நேராக ஆனைக்கு ஓடி வந்து, குடைக்குள் இவருடைய இடப்பக்கம் நின்று, மூச்சு வாங்க எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடுவாராம். அவர் போய் இரண்டு வருடமாகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. கேட்ட மாதிரிதான் இருக்கிறது.

இந்தத் தீபாவளி லீவுக்கு முரளி சென்னையிலிருந்து மனைவி ப்ரீத்தி, மகள் ஸ்நேஹாவோடு வருவதாகப் போன் செய்தார். மும்பை போகிற வழியில் இருக்கிற வாட்டர் பார்க்குக்குப் போவதாகத் திட்டம். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அப்பா, டிக்கெட் போட்டாச்சு. நாலு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ. யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

"நான் போயி ஒரு ரெக்கி பாத்துட்டு வந்துருதேன்."

"எதுக்குப்பா அலையறீங்க? மேப்ல எல்லாமே இருக்கு."

"மேப்புல நிழல் இருக்கால?"

முந்தின ஞாயிறு போயே போய்விட்டார். முழுக்கைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர், தண்ணீருக்குள் ஒரு கால்கூட வைக்காமல், நாள் முழுக்க வாட்டர் பார்க்கைச் சுற்றியிருக்கிறார். இருட்டுகிற நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால், முகமெல்லாம் வெயில் கறுப்பு.

"எம்மா, ஆனை இருக்கு!"

இலவசமாக வந்த அந்த ஐந்தாவது ஆள் நான்தான்.

போகிற வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தார். "ரெண்டு மணிக்கு எல்லாரும் ஆனைக்கிட்ட. தப்பிட்டா மூணு மணிக்கு." ஓட்டிக்கொண்டிருந்த முரளி "ம்" என்றார். ப்ரீத்தி "சரிங்க மாமா" என்றார். ஸ்நேஹாவின் காதில் இயர்போன். நான் அவர் குரலிலேயே, இருமலோடு, "ஆனைக்கிட்ட!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார்.

பார்க் வாசலில் ஒரு போர்டு: செல்போன்களை லாக்கரில் வைக்கவும். அதைப் படித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் காதருகே குனிந்தார். "பாத்தியா? இன்னைக்கு ஒருத்தன்கிட்டயும் போன் கிடையாது. ஆனைதான்." தன் போனைத் துண்டில் துடைத்து, சாமி படம் வைப்பது போல லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தால், பக்கத்துக் கவுன்டரில் தண்ணி புகாத பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள். முரளி ஒன்று, ப்ரீத்தி ஒன்று, ஸ்நேஹா ஒன்று. மூன்று பேர் கழுத்திலும் போன் தாலி மாதிரி தொங்கியது. அங்கிள் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

நான் ஒரு குழாய்க்குள் சறுக்கினேன், அலையில் புரண்டேன், இன்னொரு பள்ளத்தில் விழுந்து மூக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஆனைக்குப் போனேன். துதிக்கையில் தண்ணீர் பீய்ச்சுகிற நீல நிற ஆனை. அதன் முன்காலுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை. யாரோ ஒரு மராட்டிக்காரர் கக்கூஸுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். "சீதா ஜாவ், பாயில திரும்பு, பெஹ்லாவாலா கந்தா, தூஸ்ராவாலா அச்சா" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார் இவர். நேரே போய் இடப்பக்கம், முதலாவது அசுத்தம், இரண்டாவது பரவாயில்லை. ரெக்கி வீண் போகவில்லை.

"அவன் வரலையா?" என்று என்னைக் கேட்டார்.

"வந்துருவாங்க அங்கிள்."

வெகுநேரம் நின்றோம். பிறகு நானே தேடிப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மூவரும் பாவ் பாஜி தட்டுகளோடு இருந்தார்கள். முரளி எரிச்சலில் இருந்தார்.

"மூணு தடவை கால் பண்ணிட்டேன் காவ்யா. எடுக்கவே மாட்டேங்கிறார். எப்பவும் இப்படித்தான். எங்க இருக்கார்?"

"ஆனைக்கிட்ட."

"யானையா? எந்த யானை?"

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல குரல் இருந்தது, மூக்கு ஒழுகுகிற ஐந்து வயதுக் குரல். வாய்வரை வந்தது. ஸ்நேஹா ஐஸ்க்ரீம் கேட்டாள், முரளி எழுந்து போய்விட்டார். "இங்கே வரச் சொல்லிடும்மா, ப்ளீஸ். வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு" என்றார் ப்ரீத்தி.

திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிடுறாங்க."

"பிள்ளை சாப்பிட்டாளா?"

"ஐஸ்க்ரீம் அங்கிள். வாங்க, நாமளும் போலாம்."

"மூணு மணின்னும் ஒண்ணு சொல்லியிருக்கேன்லா. நான் அங்கன வர, அவன் இங்கன வந்துட்டான்னா?" என்று ஆனையின் காலைத் தட்டினார். பிறகு என் நனைந்த தலையைப் பார்த்தார். "நீ எதுல எல்லாம் ஏறுன?"

சொன்னேன். குழாய் எவ்வளவு இருட்டு, பள்ளம் எவ்வளவு ஆழம். எப்போது என் ஊர்ப் பேச்சுக்கு மாறினேன் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் நான் மறைத்து வைத்திருக்கிற பேச்சு. "கண்ண இறுக்கி மூடிக்கிட்டனுங்க, தண்ணி பொளேர்னு மூஞ்சில அடிக்குதுங்க" என்றேன். யாரையும் போலச் செய்யவில்லை. அவர் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு விவரம்கூட விடவில்லை. நண்டு ஓடிச்சா என்று கேட்டார். ஓடிச்சுங்க என்றேன்.

"நானும் உங்ககூடவே நிக்கட்டுமா அங்கிள்?"

"சே, சே. நீ இங்கன நின்னா, யாரு போயி ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுவா? போ, போ."

மஞ்சள் நிறச் சறுக்குக் கோபுரத்தின் படிகளில் ஏறி, மேலிருந்து பார்த்தேன். ஆனை சிறியதாகத் தெரிந்தது, குடை அதைவிடச் சிறியதாக. நான் நின்றிருந்த இடத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்த முதல் தடவையாகக் குடை நேராக இருந்தது. பிறகு அது மெல்ல இடப்பக்கம் சரிந்தது. அவர் அரை அடி வலப்பக்கம் நகர்ந்து, வெயிலுக்குப் போய் நின்றார்.