வேணாம்னா விட்டுருவீங்களா?

அம்மா வயிற்றில் இருக்கும்போதே என்னை ஓர் ஆய்வில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பகுதிக் குழந்தைகளின் நுரையீரல் எப்படி வளர்கிறது என்று வருடக்கணக்கில் பார்க்கிற ஆய்வு. தகப்பன் என்ற முறையில் அத்தாதான் சம்மதம் சொன்னார். வருடம் தவறாமல் ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வருவார். உயரம், எடை, கடைசியில் ஊசி. நான் அலறுவேன், அத்தா என்னை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

ஏழாம் வகுப்பில் படித்தபோதும் வழக்கம்போலப் பிடித்தார். "எடுங்க டாக்டரம்மா, அவ கெடக்கா."

டாக்டரம்மா ஊசியைத் தொடவில்லை. "பன்னெண்டு வயசாச்சு, இனிமே இவளும் சரின்னு சொல்லணும் பாய்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ரத்தம் எடுக்கட்டுமாம்மா?"

அதுவரை என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

"வேணாம்னா விட்டுருவீங்களா?"

"விட்டுருவோம்."

"கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"மாட்டேன்."

"அப்ப வேணாம்!"

கையில் கட்டியிருந்த ரப்பரை அவர் நிஜமாகவே அவிழ்த்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்கு ஓடி, எதிர்வீட்டுத் தோழியிடம் "ஏய், நான் வேணாம்னுட்டேன்!" என்று கத்தினேன். என்ன வேணாம் என்று தெரியாமலே அவளும் குதித்தாள்.

கீழே வந்தேன். அம்மா இட்லியை நீட்ட, "வேணாம்." தலைவார அழைக்க, "வேணாம்." "ட்யூசனுக்காச்சும் போவியா?" "வேணாம்!"

"நல்லா சொல்லிக் குடுத்தீங்க" என்று அம்மா தலையிலடித்துக்கொள்ள, டாக்டரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முன்னாடி எடுத்த ரத்தமெல்லாம்?" என்றேன்.

"பத்திரமா இருக்கு. அதையும் வேணாம்னு சொன்னா அழிச்சிருவோம்."

அத்தா பதறிப்போனார். "இத்தனை வருசம் எடுத்ததும்மா! மத்த பிள்ளைகளுக்கு உதவும்டா."

"பாய், அவளே சொல்லட்டும்."

வீடே என் வாயைப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தைச் செத்த நேரம் இழுத்து அனுபவித்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். பிறகு நுரையீரலின் பலத்தை அளக்கும் குழாயை நானாகவே வாங்கி, மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினேன். ஊதும் வேகத்தைக் காட்டக் கம்ப்யூட்டர் திரையில் எரிந்த மெழுகுவர்த்திப் படங்கள் எல்லாம் அணைந்தன.

புறப்படும் முன் டாக்டரம்மா அத்தாவைப் பார்த்தார். "உங்களுக்கு பிரஷர் பாத்துரவா பாய்?"

அத்தா நெஞ்சை நிமிர்த்தினார். "வேணாம்."

அடுத்த வருடமும் ஊசி வேண்டாமென்றேன். அதற்கடுத்த வருடம், யாரும் பிடிக்காமலேயே கையை நானே நீட்டினேன். வலித்தது. பக்கத்தில் நின்ற அத்தாதான் பார்க்க முடியாமல் கண்ணை இறுக்கிக்கொண்டார்.