வெள்ளை விட்ட மணிக்கட்டு

தீபாவளி முடிந்தால் சிவகாசி அச்சகங்களில் மெஷின் ஓய்ந்துவிடும். பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அடித்து அடித்துக் கண் பூத்துப் போனவர்கள் வீட்டில் கிடந்து தூங்குவார்கள். மெஷின்மேன் சாதிக் பாட்சா மட்டும் மலைக்குப் பஸ் ஏறுவார். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு ஓடையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து கையை நீட்டி வைப்பார். வேர்வை உப்புக்கு ஆசைப்பட்டு வண்ணத்துப்பூச்சி வந்து உட்காரும். நூல் மாதிரி குழலை நீட்டித் தோலைத் தடவித் தடவிக் குடிக்கும். அந்தக் கூச்சத்தில் அவருக்கு ஊர், உலகம், ஆர்டர் எல்லாம் மறந்து போகும். ஐம்பது வயசில் இது என்ன கிறுக்கு என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

மழை விட்ட அந்த நேரம்தான் கொசுவுக்கும் சீசன். போன வருஷம் டெங்கு வந்து ஆள் பிழைத்ததே பெரிசு. மறுபடி வந்தால் இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் இந்த வருஷம் அவருடைய பையில் மனைவி நசிமா கொசு விரட்டும் க்ரீமை வைத்தாள்.

அவர் குறை சொல்லிப் பார்த்தார். வாடை குமட்டுகிறது, வேர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கிறது, மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக்கூடப் பிசுபிசுத்துவிட்டது. வேப்பெண்ணெய் போதாதா என்றும் கேட்டார். அது கொஞ்ச நேரம்கூட நிற்காது என்றாள் அவள். க்ரீமைப் புண்ணில் படாமல் தடவி, வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட்டால் பயமில்லை, காய்ச்சல்தான் பயம் என்று டாக்டர் சொன்னதை நசிமா திருப்பிச் சொன்னாள். உண்மையான குறையை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. க்ரீம் தடவிய கையை வண்ணத்துப்பூச்சி சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. சொல்லாவிட்டாலும் அது நசிமாவுக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பூச்சி பெருசா நான் பெருசான்னு கேக்க மாட்டேன். தடவிட்டுப் போங்க, அம்புட்டுதான்" என்றாள்.

சாதிக் பாட்சா தொழில்காரர் புத்தியில் ஒரு வழி கண்டுபிடித்தார். லேபிளில் விலை போடுவதற்குக் கொஞ்சம் இடத்தை அச்சுப்படாமல் வெள்ளையாக விடுவார்கள். அதுபோல உடம்பெல்லாம் தடவிக்கொண்டு, இடது மணிக்கட்டில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு வெள்ளை விட்டார். நசிமாவின் பேச்சையும் மீறவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஓடையில் தண்ணீர் சத்தமில்லாமல் போனது. வெயில் இலைகளுக்குள் புகுந்து பச்சையாக இறங்கியது. நீல வரி போட்ட கறுப்புப் பூச்சி ஒன்று மிதந்து மிதந்து வந்தது. முழங்கைப் பக்கம் வந்து விலகியது. பிறகு அவர் விட்ட இடத்திலேயே உட்கார்ந்தது. அவர் மூச்சை மெதுவாக விட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தானே அந்த வெயிலில் கரைந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அந்த இடம் கொசுவுக்கும் தெரிந்துவிட்டது. காலில் வெள்ளைப் பட்டை போட்ட, டெங்கு பரப்பும் பகல் கொசு, வண்ணத்துப்பூச்சிக்குப் பக்கத்தில் இறங்கியது. கை அசைந்தால் இரண்டும் போய்விடும். அசையாமல் இருக்கத்தான் அவருக்கு ஆசை. அந்த ஆசை அவரையே பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கிப்போன நசிமா ஞாபகத்துக்கு வந்தாள். கையை உதறினார். கொசுவும் போனது, நீல வரியும் போனது. அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே விட்ட இடத்திலும் க்ரீமைத் தடவினார்.

க்ரீம் தடவும் முன்பே முகத்தையும் கழுத்தையும் துடைத்திருந்த துண்டைப் பாறையில் எறிந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டில் ஒன்று உட்கார்ந்தது. பிறகு இன்னும் சில. கை எட்டும் தூரத்தில் அவருடைய வேர்வையைத்தான் குடித்தன. கையில் அந்தக் கூச்சம் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் நசிமாவிடம் ஒன்று விடாமல் சொன்னார், வெள்ளை விட்டதையும் சேர்த்து. அவள் கோபத்தோடு அவருடைய இடது கையை இழுத்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழுக்குத் துணியை வாளியில் போட்டவள் துண்டை மட்டும் எடுத்துத் தனியாகக் கொடியில் போட்டாள்.

"இதத் துவைக்கல. அடுத்த வாரமும் போவீகள்ல."