தையல்காரியின் அத்தியாயம்

பேட்டையில், காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் ஹாஜாவின் வீட்டு மாடியறையில் பதினோரு வருடமாக ஓர் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள் அஸ்ஃபியா. வயது நாற்பத்தொன்று. ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்றுப் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியை. துருக்கி சுல்தான்களின் ஆட்சி தளர்ந்த கடைசிக் காலத்தில், ஸ்மிர்னா துறைமுகத்தில் ஆர்மீனியப் புரட்சிக்காரர்கள் எப்படி ரகசியமாக இயங்கினார்கள் என்பதுதான் ஆய்வு. யார் கடிதம் கடத்தினார்கள், கப்பலில் வந்த துப்பாக்கிகளை எந்தக் கடையில் ஒளித்தார்கள் என்பதைத் தேடிக்கொண்டிருந்தாள். முஸ்லிம்களின் கலீபாவாகவும் இருந்த சுல்தானை எதிர்த்தவர்களைப் பற்றி நீ ஏன் எழுத வேண்டும் என்று ஹாஜா ஆரம்பத்தில் கேட்டார்.

இந்த ஆய்வுக்காகவே செல்போன் செயலியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தாள். அப்படிப் படித்த பழைய தூதரக அறிக்கை ஒன்றில் மூன்று வரிகள் கண்ணில் பட்டன. கோட்டு உள்துணியில் கடிதங்களை வைத்துத் தைத்துக் கொடுத்த ஒருத்தியைப் பிடித்து விசாரித்தார்கள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டாம் நாள் காவலிலேயே இறந்துபோனாள். பெயர் இல்லை.

அதன்பிறகு அஸ்ஃபியாவுக்குப் புரட்சித் தலைவர்கள் மேல் நாட்டம் இல்லாமல் போனது. பெய்ரூத், பாரீஸ், எரவான் என்று நூலகங்களுக்கெல்லாம் எழுதினாள். கிடைத்த துண்டு துணுக்குகளைக் கோத்து, அந்தத் தையல்காரியைப் பற்றி ஐம்பத்திரண்டு பக்கத்தில் ஓர் அத்தியாயம் எழுதினாள்.

இந்த வருடம் கல்லூரியில், முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஜூன் முதல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் தேர்வாளரின் அறிக்கையும் வந்தது. தையல்காரியைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஆதாரம் போதாது, பத்து நாளில் நீக்கித் தராவிட்டால் ஏற்க முடியாது.

வழிகாட்டி சிவசைலம் அவளை வீட்டுக்கு அழைத்துப் பேசினார்.

“அந்த ஒண்ண எடுத்துரும்மா. மத்ததெல்லாம் நிக்கும்.”

“அவ ஒருத்திதான் சார் கடைசிவரைக்கும் வாயத் திறக்கல. அவளையும் எடுத்துட்டா என்ன இருக்கு?”

“எனக்கு மட்டும் தெரியாதா? பேரே இல்லாதவளுக்கு எதக் காட்டி நீ சாட்சி சொல்லுவ?”

அந்த நூலகங்கள் எல்லாவற்றுக்கும் மறுபடி மின்னஞ்சல் அனுப்பினாள், கெஞ்சித்தான். ஆறாம் நாள் பெய்ரூத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. ஸ்மிர்னா காகிதங்களில் பெரும்பகுதி 1922இல் அந்த ஊரே எரிந்த தீயில் போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கீழே இறங்கவில்லை.

தன் மோட்டார் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த ஹாஜா மாடியேறி வந்து என்னவென்று கேட்டார். முதல்முறையாக முழுக் கதையையும் அவரிடம் சொன்னாள். கிரீஸ் கையோடு அப்படியே உட்கார்ந்து கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்குப் புருசன், பிள்ளைக உண்டுமா?”

“தெரியாது காக்கா.”

“மய்யித்த யாரு அடக்குனா?”

“அதுவும் தெரியாது.”

ஹாஜா பைய எழுந்தார். “எடுத்துருளா. அவ போயிட்டா. நீ இருக்கணும்லா.”

அதைத் தாங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள்.

ஒன்பதாம் நாள் வண்ணார்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் அந்த அத்தியாயத்தை நீக்கினார்கள். சில நொடி வேலை. பக்க எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன. நான்காம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் மட்டும், ‘ஒரு தையல்காரி, பெயர் தெரியவில்லை’ என்று சேர்க்கச் சொன்னாள்.

பட்டம் ஜூன் கடைசியில்தான் வந்தது. அதற்குள் அவள் இடத்தில் வேறொருவரை நியமித்துவிட்டார்கள். ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள், ஒன்றிலும் கூப்பிடவில்லை. இப்போது டவுணில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறாள்.

ஹாஜா இன்னும் இடையிடையே கேட்கிறார், அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கிருந்தாவது தகவல் வந்ததா என்று. இல்லை காக்கா என்கிறாள். யாருக்கும் எழுதுவதை நிறுத்தி எட்டு மாதமாகிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை.